அளவும் ஆயுதமும்

இரும்பின் பெயரைத் தாங்கிய அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. ஐம்பத்தேழாம் அத்தியாயமாகிய ‘அல்ஹதீத்’ அது. இரும்பிலே கடும் வலிமையும் உண்டு, மாந்தர்க்குப் பயன்களும் உண்டு என்னும் கருத்தை ஆங்கே காண்கிறோம். முப்பத்து நான்காம் அத்தியாயமாகிய ‘ஸபா’வில் தாவூத் நபி (அலை) அவர்களைப் பற்றிய செய்தி வருகிறது. அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கிக் கொடுக்கப்பட்டது. போர்க்கவசம் செய்யுமாறு அவர்கள் பணிக்கப்பட்டார்கள். அப்பணியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. கவசத்தின் வளையங்களை அளவறிந்து அமைக்க வேண்டும் என்பதே அது.

இச்சிறு நிபந்தனையை நாம் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகிறோம். ஆயினும் உலோகத் தொழிலை அறிந்தவர்கள் அதனைக் கேட்டவுடன் தலையசைப்பார்கள். வளையம் பெரிதானால் அம்பு நுழையும். சிறிதானால் கவசம் வளையாது. ஒன்று மற்றொன்றோடு பொருந்தாவிடில் முழுக் கவசமும் பாரமாகுமேயன்றிக் காவலாகாது. ஆயிரம் வளையங்களும் ஒரே அளவினவாய் இருந்தால்தான் ஒன்று தெறித்து விழுந்தபோது மற்றொன்றை அவ்விடத்தில் மாட்ட முடியும்.

ஓர் உறுப்பை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வேறோர் உறுப்பைப் பொருத்துதல் என்னும் இவ்வெண்ணம், அண்மைக் காலத்தில் ஒரு துப்பாக்கியாக உருக்கொண்டது. குழலை மாற்றினால் வேறு தோட்டா. உறுப்புகளை மாற்றினால் வேறு ஆயுதம். அடிப்படை உடல் ஒன்றே. உலகின் பல நாடுகள் இதற்கு முயன்றன. நம் இந்தியாவும் முயன்றது. புணேயில் உருவாக்கப்பட்டுப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட அத்துப்பாக்கி படைவீரர் எவருடைய தோளிலும் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை என்னும் வினா ஆயுதப் பித்தர்களுக்கு மட்டும் உரியதன்று. பொதுமக்களின் பணம், எல்லையில் நிற்கும் வீரரின் உயிர், நாட்டின் தொழிலறிவு ஆகிய மூன்றும் அதனுள் அடங்கியிருக்கின்றன. இரும்பாலும் நூலாலும் வாழும் கொங்கு நாட்டார்க்கோ அதில் தனி அக்கறையும் உண்டு.

வெர்சேயும் வின்சென்ஸும்

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஒரு துப்பாக்கி என்பது ஒரு கொல்லரின் கைவண்ணம். அதன் பூட்டும் விசையும் அராவி அராவி அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே பொருத்தப்பட்டவை. போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் சுத்தி முறிந்தால், பக்கத்தில் விழுந்து கிடக்கும் மற்றொன்றின் சுத்தியை எடுத்து மாட்ட இயலாது. மீண்டும் ஒரு கொல்லரைத் தேட வேண்டும்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் ஓனோரே பிளாங் என்னும் பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளர். பாரிஸ் நகரை அடுத்த வின்சென்ஸ் கோட்டையில் இருந்த அவருடைய பட்டறைக்கு 1785-இல் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் சென்றார். பிரித்துக் கலந்து வைக்கப்பட்டிருந்த துப்பாக்கிப் பூட்டு உறுப்புகளிலிருந்து கைக்குக் கிடைத்தவற்றை எடுத்து அவரே பூட்டினார். அவை பொருந்தின. வியந்துபோன அவர் அதனைத் தம் நாட்டுக்கு எழுதினார். பின்னர் அமெரிக்க அரசு 1798-இல் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு எலி விட்னியிடம் ஒப்பந்தம் செய்தது. ஹார்ப்பர்ஸ் பெரி ஆயுதசாலையில் ஜான் ஹால் 1820-களில் உறுப்பு மாற்றத்தை நடைமுறையிலேயே நிறைவேற்றிக் காட்டினார். தையல் இயந்திரம், மிதிவண்டி, மோட்டார் வண்டி என வந்த தொழிற்பெருக்கம் அனைத்துக்கும் இதுவே வித்து.

இனி, அதே பிரான்சில் அதே ஆண்டுகளில் நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 1788 ஆகஸ்டு 10-ஆம் நாள் வெர்சே அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னரின் முன்னிலையில் மூன்று இந்தியத் தூதர்கள் நின்றனர். முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலீ கான், முஹம்மது உஸ்மான் கான் என்போர் அவர்கள். அவர்களை அனுப்பியவர் மைசூர் வேந்தர் ஷஹீத் திப்பு சுல்தான். படைத்துணையை நாடி வந்த அத்தூதர்கள், கைவினைஞர்களையும் கேட்டார்கள். துப்பாக்கி செய்வோர், வார்ப்படத் தொழிலாளர், கடிகாரம் செய்வோர், பீங்கான் வினைஞர் முதலியோரைத் தம் நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்பினார்கள். படைத்துணை கிடைக்கவில்லை. கைவினைஞர் சிலர் கிடைத்தனர்.

திப்பு சுல்தானின் உள்ளம் எத்திசையில் ஓடிற்று என்பதற்கு இதுவே சான்று. துப்பாக்கி வாங்குவதைவிடத் துப்பாக்கி செய்பவரைக் கொண்டுவருவதே அவருக்குப் பெரிதாகப் பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெத்னூரிலும் பெங்களூரிலும் சித்திரதுர்க்கத்திலும் அவர் தொழிற்சாலைகள் கண்டார். அங்கே செய்யப்பட்ட துப்பாக்கிகளில் புலிவரியும், புலிமுகம் போல் எழுதப்பட்ட அரபு எழுத்தும், சுல்தான் வகுத்த மௌலூதி ஆண்டும் பொறிக்கப்பட்டன. இன்றைக்கும் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணலாம். 1799 மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, கோட்டைக்குள் துப்பாக்கிப் பட்டறைகளையும், குழல் துளையிடும் இயந்திரங்களையும், பீரங்கி வார்க்கும் சாலைகளையும் ஆங்கிலேயர் கண்டு கணக்கெடுத்தனர்.

கோட்டை போய் மேடு நின்றது

அக்காலத்தில் கொங்கு நாடு மைசூரின் பகுதியாக இருந்தது. 1790-இல் ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூரைக் கைப்பற்றினார். அவ்வாண்டு செப்டம்பரில் சத்தியமங்கலத்தருகே கர்னல் பிளாயிடின் படையைத் திப்பு சுல்தான் நேரில் எதிர்கொண்டார். 1791-இல் கோயம்புத்தூர்க் கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டு, நவம்பரில் கமருத்தீன் கானிடம் பணிந்தது. 1792-இன் உடன்படிக்கையில் சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் கம்பெனியாருக்குப் போயின. கோயம்புத்தூரோ 1799 வரையில் சுல்தானிடமே இருந்தது. இன்று அக்கோட்டை இல்லை. கோட்டைமேடு என்னும் பெயர் மட்டும், பள்ளிவாசல்களும் கடைவீதிகளும் நெருங்கிய முஸ்லிம் குடியிருப்பாக, நகரின் நடுவே நிலைத்திருக்கிறது.

கோட்டையைப் போலவே தொழிலும் மறைந்தது. கம்பெனி அரசு கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் 1801-இல் பீரங்கி வண்டித் தொழிற்சாலையை அமைத்தது. ஆயுதத் தொழில் அரசின் தனியுரிமை ஆயிற்று. 1878-இன் ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி ஆயுதம் செய்தலையும் வைத்திருத்தலையும் இந்தியர்க்கு விலக்கிற்று. சென்னிமலையை அடுத்த கொடுமணலில் அகழாய்வாளர் கண்ட இரும்புருக்கு உலைகளின் தொன்மையையும், சேலத்துக் கஞ்சமலை இரும்பின் புகழையும் நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் பழம்பெருமைக்கும் இன்றைய தொழிற்சாலைக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் வெட்டப்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. தந்தையிடமிருந்து மகனுக்கு வர வேண்டிய கைத்திறன் ஒரு தலைமுறை அறுந்தால், அதனை மீட்க மூன்று தலைமுறை வேண்டும்.

ஒன்றே பலவாதல்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உறுப்பு மாற்றம் என்னும் எண்ணம் மேலும் ஒரு படி ஏறிற்று. ஒரே வகைத் துப்பாக்கிகளுக்குள் உறுப்புகளை மாற்றிக்கொள்வது போதாது. ஓர் உடலிலிருந்தே வெவ்வேறு வகை ஆயுதங்களை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று சிலர் எண்ணினர்.

அவர்களுள் முதன்மையானவர் யூஜீன் ஸ்டோனர் (1922–1997). அமெரிக்கப் படையின் எம்-16 துப்பாக்கிக்கு மூலவடிவம் தந்தவர் அவர். கெடிலாக் கேஜ் நிறுவனத்தில் சேர்ந்த பிறகு அவர் வகுத்ததே ‘ஸ்டோனர் 63’. ஓர் உலோக உடல். அதில் நீண்ட குழலைப் பூட்டினால் காலாட்படைத் துப்பாக்கி. குறுங்குழலைப் பூட்டினால் கார்பைன். அவ்வுடலையே தலைகீழாகத் திருப்பிக் கனத்த குழலையும் தோட்டா வாரையும் பூட்டினால் இயந்திரத் துப்பாக்கி. முற்பட்ட மாதிரி ஒன்றுக்கு ‘எம்69டபிள்யூ’ என்று பெயரிட்டார்கள். ஆங்கில எழுத்தில் அதனைத் தலைகீழாக வைத்துப் படித்தாலும் அதே பெயர்தான் வரும். துப்பாக்கியின் தத்துவமே பெயரிலும் அமைந்தது.

1967-இல் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் ஒரு கம்பெனி, வியட்நாம் போர்க்களத்தில் இதனைச் சோதித்துப் பார்த்தது. சேறும் மணலும் நிறைந்த அக்களத்தில் அது மிகுந்த பராமரிப்பை வேண்டிற்று. கடற்படையின் ‘சீல்’ என்னும் சிறு சிறப்புப் பிரிவினர் மட்டும் அதன் இலேசான இயந்திரத் துப்பாக்கி வடிவத்தை விரும்பி நெடுங்காலம் வைத்திருந்தனர். பெரும்படை அதனை ஏற்கவில்லை. சில ஆயிரம் துப்பாக்கிகளோடு உற்பத்தி முடிந்தது.

நாற்பதாண்டுகளுக்குப் பின் அமெரிக்கத் தரைப்படை மீண்டும் அக்கனவைக் கண்டது. ஜெர்மானிய ஹெக்லர் கோக் நிறுவனத்தின் ‘எக்ஸ்எம்8’ ஒரே உடலில் நான்கு வடிவங்களை ஏற்கும் என்றனர். அதுவும் 2005 அக்டோபரில் கைவிடப்பட்டது.

எல்லாம் தோல்வியே என்று கூறுதல் நேர்மையாகாது. ஆஸ்திரியப் படை 1977-இல் ஏற்ற ஸ்டெயர் துப்பாக்கியின் குழலைச் சில நொடிகளில் கழற்றலாம். குட்டையும் நெட்டையுமாகக் குழல்களை மாற்றலாம். அது வெற்றி பெற்றது. ஆனால் அங்கே மாறியது குழலின் நீளமே, தோட்டா ஒன்றே. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வோம்.

இரு தோட்டாக்களின் வரலாறு

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1962-இன் சீனப் போருக்குப் பிறகு, பெல்ஜிய வடிவத்தைத் தழுவிய 7.62 மில்லிமீட்டர் தானியங்கு துப்பாக்கி இஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நம் படையினரின் கைக்கு வந்தது. தமிழகத்திலும் திருச்சிராப்பள்ளியில் 1966-இல் துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. உலகப் படைகள் சிறு தோட்டாவுக்கு மாறியபோது, 1980-களில் நாமும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவைத் தேர்ந்தோம். புணேயில் உள்ள ஆயுத ஆராய்ச்சி வளர்ச்சி நிலையம் ‘இன்சாஸ்’ என்னும் ஆயுதக் குடும்பத்தை வகுத்தது. துப்பாக்கி, இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் என மூன்று உறுப்பினர் கொண்ட குடும்பம் அது. முதலிரண்டும் படைக்குள் புகுந்தன. கார்பைனைப் படை ஏற்கவில்லை.

இன்சாஸ் தயாராவதில் காலம் நீண்டது. அதற்குள் காஷ்மீரில் கிளர்ச்சி மூண்டது. எதிரே நின்றவர் கையில் ‘ஏகே’ துப்பாக்கி இருந்தது. எனவே 1990-களின் தொடக்கத்தில் அரசு வெளிநாடுகளிலிருந்து ஏகே வகைத் துப்பாக்கிகளை அவசரமாக வாங்கியது. அதன் தோட்டாவும் 7.62 மில்லிமீட்டர்தான்; ஆனால் அதன் கூடு 39 மில்லிமீட்டர் நீளமே. பழைய துப்பாக்கியின் தோட்டாக் கூடோ 51 மில்லிமீட்டர். ஆகவே ஒன்றுக்கொன்று பொருந்தாத தோட்டாக்கள் ஒரே படையில் புழங்கலாயின. 1999-இல் கார்கில் மலைமுகடுகளில் இன்சாஸ் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டிகள் கடுங்குளிரில் வெடிப்பதாகக் குறை எழுந்தது. பின்னர்ச் சில திருத்தங்கள் செய்யப்பட்டன. ஆயினும் வீரரின் நம்பிக்கை ஒருமுறை விரிந்துவிட்டால் அதனை ஒட்டவைப்பது எளிதன்று.

இந்நிலையில்தான், ஒரே துப்பாக்கியில் இரு குழல் என்னும் திட்டம் பிறந்தது. எல்லைப் போருக்கு 5.56 குழல், உள்நாட்டுக் கிளர்ச்சிக் களத்துக்கு ஏகே தோட்டாவுக்கான 7.62 குழல், களம் மாறும்போது குழலை மாற்றிக்கொள்ளலாம். 2011-இல் ஏறத்தாழ 66,000 துப்பாக்கிகளுக்கு உலக நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கோரப்பட்டது. இத்தாலி, செக் குடியரசு, இஸ்ரேல், அமெரிக்கா முதலிய நாடுகளின் புகழ்பெற்ற நிறுவனங்கள் போட்டியிட்டன. சோதனைகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. முடிவில் 2015-இல் அக்கோரிக்கையே நீக்கப்பட்டது.

அதே காலத்தில் புணே நிலையத்து அறிஞர்கள் தாமே ஒன்றைச் செய்து காட்டினர். 2014-ஆம் ஆண்டு தில்லிப் பாதுகாப்புப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட அப்பல்குழல் துப்பாக்கி இரண்டோடு நில்லாது மூன்று வகைத் தோட்டாக்களை ஏற்றது: 5.56, 6.8, ஏகேயின் 7.62. மேற்புறம் நெடுகத் தொலைநோக்கி முதலியவற்றைப் பொருத்தும் தண்டு, கீழே எறிகுண்டு வீசும் கருவிக்கு இடம், மடக்கக்கூடிய தோள்கட்டை. உலகின் நவீனத் துப்பாக்கிகளின் பக்கத்தில் வைத்தால் நாணவேண்டிய தோற்றம் அதற்கு இல்லை. ஆனால் அத்துப்பாக்கி ஏற்கப்படவில்லை.

ஏன் ஏற்கப்படவில்லை?

இதற்குப் பொறியியல் சார்ந்த காரணங்களும் உண்டு. மனிதர் சார்ந்த காரணங்களும் உண்டு.

முதலாவது, குழலை மாற்றினால் போதும் என்பது கேட்கத்தான் எளிது. 5.56 தோட்டாவின் அடிவிட்டம் ஏறத்தாழ 9.6 மில்லிமீட்டர், ஏகே தோட்டாவின் அடிவிட்டமோ 11.3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே தோட்டாவைப் பற்றும் போல்ட்டின் முகமும் மாற வேண்டும். முன்னது ஏறத்தாழ நேரான உருவம். பின்னது முன்நோக்கிக் குறுகிச் செல்வது. அதனாலன்றோ ஏகேயின் தோட்டாப் பெட்டி வாழைப்பழம் போல் வளைந்திருக்கிறது! ஆகவே பெட்டியும் மாற வேண்டும். முன்னதன் குண்டு 4 கிராம் அளவினது, பின்னதன் குண்டு 8 கிராம் அளவினது. வாயுவின் அழுத்தமும் உதைப்பும் வேறுபடும். பறக்கும் பாதையும் வேறுபடும். எனவே குறிபார்க்கும் கருவியையும் மீண்டும் நேர்செய்ய வேண்டும். அதற்குச் சுடுதளம் வேண்டும், நேரம் வேண்டும். நள்ளிரவில் மலைச்சரிவில் இவை இரண்டும் எவருக்கும் கிடைப்பதில்லை.

இரண்டாவது, எல்லா வடிவத்துக்கும் ஏற்ற உடல் எல்லாவற்றிலும் கடினமான வடிவத்தின் சுமையைத் தாங்க வேண்டும். ஆகையால் எளிய வடிவத்திலும் அது கனக்கும். பல கால்களுக்கும் பொருந்தும் செருப்பு எக்காலுக்கும் இதமாயிருப்பதில்லை.

மூன்றாவது, கழற்றிய குழலை யார் சுமப்பது? வீரர் சுமந்தால் அவருடைய முதுகு ஒடியும். கிடங்கில் வைத்தால், குழல் மாற்றம் கிடங்குக்காரரின் வேலையாகிவிடும். அப்படியானால் இரண்டு துப்பாக்கிகளைக் கிடங்கில் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கோயம்புத்தூர் ஆலைத் தொழிலாளரிடம் இதனைச் சொன்னால் புன்னகை செய்வார். ஒரு நூற்பு இயந்திரம் 40-ஆம் நம்பர் நூலும் நூற்கும். 80-ஆம் நம்பர் நூலும் நூற்கும். பல்சக்கரங்களை மாற்றி, வளையத்தில் ஓடும் டிராவலரின் எண்ணையும் மாற்றினால் போதும். இயந்திரம் அவ்வாறே அமைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் ஆலை நிர்வாகிகள் அடிக்கடி நம்பர் மாற்ற விரும்புவதில்லை. மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓட்டம் நிற்கும், நூல் அறும், ஒழுங்குக்கு வர நேரம் பிடிக்கும். முடிந்தவரையில் ஓர் இயந்திரத்தை ஒரு நம்பரிலேயே ஓட்டுவர். மாற்றும் வசதி இருத்தல் வேறு. நாள்தோறும் மாற்றிக்கொண்டே இருத்தல் வேறு. ஆஸ்திரியத் துப்பாக்கி முன்னதைக் கொண்டு வென்றது. இந்திய விலைப்புள்ளி பின்னதை வேண்டி நின்றது.

நான்காவதும் தலையாயதுமான காரணம், கேட்பவரின் மனம் ஒரு நிலையில் நில்லாமையே. 2011-இல் இரு குழல் வேண்டும் என்றனர். 2015-இல் வேண்டா என்றனர். இன்சாஸைத் திருத்திச் செய்த ‘எக்ஸ்காலிபர்’ சில காலம் பேசப்பட்டது, பின் விடப்பட்டது. 2016-இல், வலிமை மிக்க 51 மில்லிமீட்டர் கூடு கொண்ட 7.62 தோட்டாவே வேண்டும் என்றனர். அதாவது 1960-களில் இருந்த தோட்டாவுக்கே திரும்பினர். இஷாப்பூரார் அதற்கேற்பச் செய்த துப்பாக்கி 2017-இல் தள்ளப்பட்டது. 2019 பிப்ரவரியில் சிக் சாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தம் ஆயிற்று. 2021 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்து அமேட்டி மாவட்டக் கோர்வாவில் ரஷ்யக் கூட்டோடு 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஏகே-203 துப்பாக்கிகள் செய்ய உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

விளைவு யாது? ஒரே துப்பாக்கியில் பல தோட்டா என்னும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பல தோட்டாக்கள் கைவிடப்படவில்லை. இன்சாஸின் 5.56, ஏகேயின் 7.62, சிக் சாவரின் நீண்ட 7.62 என மூன்றும் நம் படையில் புழங்குகின்றன. எந்தச் சிக்கலைத் தீர்க்க அத்துப்பாக்கி பிறந்ததோ அச்சிக்கல் வாழ்கிறது. தீர்க்க வந்த துப்பாக்கிதான் மறைந்தது.

பொருந்தாத உறுப்புகள்

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் நமக்கு ஓர் எண்ணம் எழுகிறது. துப்பாக்கியின் உறுப்புகள் பொருந்தின. பொருந்தாதவை அதனைச் சுற்றியிருந்த அமைப்புகளே. வகுப்பவர் புணேயில்; செய்பவர் இஷாப்பூரிலும் கான்பூரிலும் திருச்சியிலும்; சுமப்பவர் சியாச்சினிலும் குப்வாராவிலும்; தீர்மானிப்பவர் தில்லியில். நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, இன்ன அளவு, இன்ன எடை, இன்ன விலை என்று முதலிலேயே உறுதி செய்து, பின்னர் அவ்வுறுதியில் நின்றிருப்பின் முடிவு வேறாக இருந்திருக்கலாம். வளையங்களை அளவறிந்து அமைத்தல் என்பது இரும்புக்கு மட்டும் உரிய விதியன்று.

ஐந்தாவதாக ஓர் உறுப்பும் உண்டு. அது நெடுங்காலம் மேசைக்கு அழைக்கப்படவே இல்லை. அதுதான் கோயம்புத்தூர் போன்ற தொழில் நகரங்கள். 1888-இல் முதல் நூற்பாலை, 1932-இல் பைக்காரா மின்சாரம், 1937-இல் ஜி. டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில் உள்நாட்டு மின்மோட்டார். 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பம்புசெட்டுத் தொழிலும் வீதிதோறும் பெருகின. ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு கூறு பிசகினால் நூல் அறும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத தொழிலாளியும் விரல்நுனியால் அறிந்த ஊர் இது. கோட்டைமேட்டுச் சிறுவனும், பீளமேட்டுச் சிறுவனும், சிங்காநல்லூர்ச் சிறுவனும் ஒரே லேத் பட்டறையில் தொழில் பழகிய ஊர் இது. ஆனால் 2001 வரையில் போர்த்தளவாட உற்பத்தி தனியாருக்கு மூடப்பட்டிருந்தது. 1878-இன் சட்டம் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில், விடுதலைக்குப் பின்னும் அரை நூற்றாண்டு நாம் நின்றிருந்தோம்.

அண்மையில் நிலை மாறத் தொடங்கியிருக்கிறது. 2019 ஜனவரி 20-இல் திருச்சியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி என்பன அதன் ஐந்து நிலைகள். கோயம்புத்தூரில் கொடிசியாவின் சார்பில் பாதுகாப்புத் துறைப் புத்தாக்க மையமும் அமைந்தது. 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாயிற்று. 2024 ஜனவரியில் புணே நிலையமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து செய்த ‘உக்ரம்’ என்னும் துப்பாக்கி வெளியிடப்பட்டது. வகுப்பவரும் செய்பவரும் ஒரே மேசைக்கு வருவதன் தொடக்கமாக இவற்றைக் கொள்ளலாம்.

ஆயுதம் பெருகுதலை நாம் கொண்டாடவில்லை. எந்தத் துப்பாக்கியும் ஒரு தாயின் கண்ணீரை மறுமுனையில் வைத்திருக்கிறது என்பதை அறிவோம். ஒரு தோட்டாவின் எடையையும் விரைவையும் கணக்கிடும் அறிவே, அது யார் மீது எப்போது எய்யப்படலாகும் என்பதையும் கணக்கிட வேண்டும். வலிமையையும் பயனையும் ஒருசேர இரும்பில் வைத்த இறைவன், அவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்கும் பொறுப்பை மனிதனிடம் வைத்தான். ஆயினும் எல்லையில் ஒருவரை நிறுத்துவதென்று நாடு முடிவு செய்துவிட்டபின், அவர் கையில் பழுதுபட்ட கருவியைக் கொடுப்பது அறமாகாது. அவருக்காகச் செலவிட்ட பணத்தையும் காலத்தையும் கோப்புகளில் புதைப்பதும் அறமாகாது.

வெர்சேக்குத் தூதரை அனுப்பிய சுல்தான் நாடியது, தன் மண்ணில் தன் மக்கள் கையால் செய்தல் என்பதையே. அவ்வெண்ணம் 1799-இல் அறுந்தது. ஏற்கப்படாத அப்பல்குழல் துப்பாக்கியைச் செய்தவர்கள் அறுந்த இழையை மீண்டும் முடியிட முயன்றவர்களே. அவர்களுடைய துப்பாக்கி படைக்குப் போகாவிடினும், அவர்கள் வரைந்த வரைபடமும் கண்ட பிழையும் கற்ற அளவும் வீண்போகலாகா. அடுத்து வரும் துப்பாக்கியை வகுப்பவர்கள் அவற்றை எடுத்துப் படிக்க வேண்டும். கேட்பவர்களும் தாம் கேட்பது இன்னதென்று அளவறிந்து கேட்க வேண்டும்.